கண் படத்துக்கு ஒரு நாள் வேண்டும்

பொழுது விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழையும் தோழனுக்குக் கண்தான் முதல் ஆயுதம். உளி சிறிது ஆழம் தவறினாலும் மரத்தில் காயம், காயத்துக்கு ஏச்சு. அந்தக் கண்ணைக் குறித்து இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

நாம் 'இனிப்பு நீர்' என்று சொல்லும் நீரிழிவு வியாதி, 2019 ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நடத்திய தேசியக் கணக்கெடுப்பின்படி, வயது வந்த மலேசியரில் நூற்றுக்கு 18.3 பேரிடம் காணப்பட்டது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் தமக்கு அவ்வியாதி இருப்பதையே அறியாதவர்கள். மற்ற இனத்தாரைவிட இந்தியரிடையே அது அதிகம்.

இரத்தத்தில் மிகுந்துவிட்ட சர்க்கரை, உடலெங்கும் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. சிறுநீரகத்திலோ இருதயத்திலோ நடக்கும் சேதம் நம் பார்வைக்கு எட்டாது. உடலைக் கீறாமல் இரத்தக் குழாய்களை நேரே காணக்கூடிய இடம் கண்ணின் உள்திரை. அதைப் பார்க்க 1851 இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒரு கருவி செய்தார். இன்றோ சில நிமிடங்களில் படமே பிடித்துவிடுகிறார்கள். குழாய் புடைத்திருந்தாலும் இரத்தம் கசிந்திருந்தாலும் படம் காட்டிவிடும். வெட்டிய பட்டையையும் வடியும் பாலையும் பார்த்து மரத்தின் நிலையை நாம் சொல்வதில்லையா? அதுபோலத்தான் இதுவும்.

சென்னையில் நடந்த ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 2005 இல் வெளிவந்தது. அதில் நீரிழிவுக்காரர் நூற்றுக்கு 17.6 பேருக்குக் கண் திரையில் கெடுதி இருந்தது. இக்கெடுதி உள்ளவர்களுக்குச் சிறுநீரக நோயும் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் அபாயம் மிகுதி என்பது வைத்தியர்கள் கண்ட உண்மை. ஆனால் ஆரம்பத்தில் வலி இல்லை, பார்வையும் மங்குவதில்லை. "எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே காலம் கடந்துவிடுகிறது. கண் படம் இரத்தப் பரிசோதனைக்கும் சிறுநீர்ப் பரிசோதனைக்கும் மாற்றல்ல. அவற்றோடு சேர வேண்டிய மூன்றாவது சாட்சி.

அப்படியானால் நம்மவர் ஏன் போவதில்லை? அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் 1 ரிங்கிட்தான். போனால் இழப்பதோ ஒரு நாள் சம்பளம்! 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டம் நோயுற்றவருக்குச் சம்பளத்தோடு விடுப்புத் தருகிறது. நோய் முற்றுமுன் பரிசோதிக்கப் போகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் வந்துபோன நேரத்தைக் காட்டும் துண்டுச் சீட்டுத்தான். பிரட்டுப் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதும் கை, கிராணிகளாகிய எங்கள் கைதான். வெட்கத்தோடு இதை ஒப்புக்கொள்கிறோம். கண் மங்கிய பின் சம்பளத்தோடு விடுப்பு, மங்காமல் காக்கப் போனால் சம்பள வெட்டு. இது என்ன நியாயம்?

ஆகவே நிர்வாகங்களை நாம் கேட்பது இதுதான். நீரிழிவு உள்ள ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆண்டுக்கு ஒரு நாள், கண் படம் எடுக்கச் சம்பளத்தோடு விடுப்புக் கொடுங்கள். பார்வை இழந்தவன் உளி பிடிக்க முடியாது. சிறுநீரகம் கெட்டவன் வாளி சுமக்க முடியாது. இது தோட்டத்துக்கும் நஷ்டமல்லவா?

தோழர்களே, நம் கடமையும் உண்டு. அடுத்த முறை பீடோங் கிளினிக்குக்கு மருந்து வாங்கப் போகும்போது, "கண் படம் எடுத்தாயிற்றா?" என்று கூச்சமின்றிக் கேளுங்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். மோட்டார் சைக்கிளைத் தனியே ஓட்டிச் செல்லாதீர்கள், மகனையோ தோழனையோ அழைத்துச் செல்லுங்கள். கெடுதி இருப்பது தெரிந்தால் அஞ்ச வேண்டாம். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் அடக்கி, வேண்டியபோது லேசர் சிகிச்சை செய்து, பார்வையைக் காக்க வழி உண்டு.

கிளைக் கூட்டங்களில் இக்கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். கண் உள்ளபோதே விழிப்போம்!