வண்டிக்கும் ஜாதகம் உண்டு

பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், நகை ரசீது, இவற்றையெல்லாம் நாம் பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்திருப்போம். வீட்டு வண்டியின் காகிதங்கள் எங்கே என்று கேட்டால், "அது ஆம்பளைங்க சமாசாரம்" என்று விட்டுவிடுவோம். அப்படி விடக்கூடாது சகோதரிகளே! இந்த முறை அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். எங்கள் திருச்சுழிப் பக்கம் இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது: "காருக்கு ஐம்பது வயசு ஆயிட்டா ரோடு வரியே கிடையாதாமே!"

இதில் பாதி வேறு ஊர்க் கதை, பாதி நம் ஊர்க் கதை. இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன்.

வரி இல்லாத ஊர் இங்கிலாந்து. அங்கே கார் செய்து நாற்பது வருஷம் ஆகிவிட்டால் ரோடு வரி பூஜ்யம். 2025 ஏப்ரல் முதல் தேதியில், 1985 ஜனவரி 1-க்கு முன் செய்த கார்களுக்கு அந்தச் சலுகை வந்தது. வருஷா வருஷம் இந்த வரம்பு ஒரு வருஷம் நகரும். ஆனால் "என் கார் பழசு" என்று வாயால் சொன்னால் போதாது, எந்த வருஷம் செய்தது என்று காட்ட வேண்டும். மோரிஸ், ஆஸ்டின் போன்ற பழைய கார்களுக்குத் தொழிற்சாலைப் பேரேடுகள் கேய்டன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் இருக்கின்றன. கார் நம்பரைக் கொடுத்தால் பேரேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறார்கள். நம் அம்பாசடருக்கு மூலமே மோரிஸ் ஆக்ஸ்போர்டு கார்தான்.

நம் நாட்டில் கதை வேறு. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு முறை கொண்டு வந்தது. முதல் முதலில் பதிவு செய்த நாளிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டியிருக்க வேண்டும். அங்கே செய்த நாள் கணக்கு, இங்கே பதிந்த நாள் கணக்கு. சேஸிஸ், பாடி, என்ஜின் மூன்றும் பெரிய மாற்றம் இல்லாமல் பழையபடியே இருக்க வேண்டும். நம் பக்கம் எத்தனையோ அம்பாசடருக்குப் பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜின் மாட்டியிருக்கிறார்கள். வயசு இருந்தும் அவற்றுக்கு இது கஷ்டம்தான். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய். நம்பர் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஆனால் அந்த வண்டியைத் தினப்படி ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, இவ்வளவுதான்.

ஒன்றைக் கவனியுங்கள். இது பதிவுதான், வரி விலக்கு அல்ல. வரி மாநில அரசின் கையில் இருக்கிறது. ஆகவே யாரோ சொன்னார்கள் என்று இருபதாயிரத்தைக் கட்டிவிடாமல், முதலில் ஆர்.டி.ஓ. ஆபீசில் வரி பற்றிக் கேட்டுக் கொள்ளுங்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எங்கள் வீட்டிலேயே ஒரு அம்பாசடர் நிற்கிறது. பஞ்சு வியாபாரத்துக்காக மாமா வாங்கியது. போன வருஷம் மாமா காலமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, பழைய இரும்புக்காரர் வாசலுக்கு வந்து விலை பேசிவிட்டார். கொழுந்தனாருக்குக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம். "எழுபத்தெட்டுல வாங்குனது. ஐம்பதும் ஆகலை, ஒண்ணும் ஆகலை" என்றார். என் மாமியார் விடவில்லை. "பெரியவன் மொட்டைக்கு அந்தக் கார்லதானப்பா போனோம்! எழுபத்தி நாலு!" என்றார். 1974 என்றால் ஐம்பது தாண்டியாகிவிட்டது. 1978 என்றால் 2028 வரை காத்திருக்க வேண்டும்.

மெக்கானிக் வந்து பார்த்தார். முகப்பு வலையைப் பார்த்ததும், "இது மார்க் 2. எழுபத்தஞ்சுல மார்க் 3 வந்துருச்சு" என்றார். அது நல்ல தடயம். ஆனால் தடயம் வேறு, சான்று வேறு. கார் செய்த உத்தர்பாரா தொழிற்சாலையில் கேட்கலாம் என்றால் அங்கே 2014-லேயே உற்பத்தி நின்றுவிட்டது.

கடைசியில் அத்தையின் தகரப் பெட்டிதான் கைகொடுத்தது. பஞ்சுக் கணக்கு நோட்டோடு, கரையான் வராமல் வசம்பு போட்டு, ஆர்.சி. புத்தகம், பழைய வரி ரசீதுகள், இன்ஷூரன்ஸ் எல்லாம் வைத்திருந்தார். புத்தகத்தில் ராமநாதபுரம் மாவட்ட முத்திரை. 1985-இல் விருதுநகர் மாவட்டம் பிரிவதற்கு முன் நாம் அந்த மாவட்டம்தானே! மூன்று எழுத்து பழைய நம்பர். பதிவு 1974. மெக்கானிக் மண்ணெண்ணெய்த் துணியால் சேஸிஸ் நம்பரைத் துடைத்து, காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். புத்தகத்தில் இருந்த நம்பரும் அதுவும் ஒன்றாக இருந்தன. என்ஜின் நம்பரும் அப்படியே. இரும்புக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

அப்புறம் வி.ஏ. நம்பர் வாங்குவதா என்று பேச்சு வந்தது. மாமியார் கேட்டார்: "கண்ணாடிப் பெட்டியில வைக்கவா உங்க மாமா கார் வாங்குனாக? நான் கோயிலுக்குப் போக வேண்டாமா?" அதோடு முடிவாகிவிட்டது. சாதாரணப் பதிவையே பெயர் மாற்றிப் புதுப்பித்தோம். இருபது வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டிலிருந்து புதுப்பிக்கும் கட்டணம் 10,000 ரூபாய். பசுமை வரியும் தனியாக உண்டு. செலவுதான். ஆனால் வண்டி ஓடுகிறது.

உங்கள் வீட்டில் பழைய கார், புல்லட், லாம்பிரெட்டா ஏதாவது நின்றால் இவற்றை மறக்காதீர்கள்:

1. துக்கம் நடந்த வீட்டில் அவசரப்பட்டுப் பழைய காகிதங்களை எடைக்குப் போடாதீர்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

2. வண்டி யார் பெயரில் இருந்ததோ அவர் காலமானால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் 31-ஆம் படிவத்தில் பெயர் மாற்றம் கேட்க வேண்டும். இறப்புச் சான்றிதழோடு தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழும் வாங்கி வையுங்கள்.

3. ஆர்.சி. புத்தகம் தொலைந்திருந்தால் போலீசில் எழுதிக் கொடுத்து, 26-ஆம் படிவத்தில் நகல் கேட்கலாம். பழைய வண்டி விவரம் கம்ப்யூட்டரில் ஏறாமல் இருந்தால், வீட்டில் உள்ள பழைய ரசீதும் இன்ஷூரன்சும் தேடுவதற்கு உதவும்.

4. பெயின்ட் அடிக்கும்போதும் வெல்டிங் வைக்கும்போதும் சேஸிஸ் நம்பர் இருக்கும் இடத்தைத் தொடவிடாதீர்கள். தேய்ந்த நம்பர் சந்தேகத்தைக் கிளப்பும்.

5. என்ஜின் மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வைத்து, அந்தக் காகிதத்தையும் சேர்த்து வையுங்கள்.

6. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, போனில் படமும் எடுத்து வையுங்கள். கறையானுக்குப் போன் பிடிக்காது!

வரும் வெள்ளிக்கிழமை வீடு துடைக்கும்போது, பரணில் இருக்கும் அந்தத் தகரப் பெட்டியையும் ஒருமுறை இறக்கிப் பாருங்களேன்.