காமாக் கதிரும் சோயா அவரையும்

அணு என்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே 1945ஆம் ஆண்டில் அழிவுற்ற ஹிரோஷிமாவும் நாகசாக்கியும் நம் நெஞ்சில் எழுகின்றன. அணுவிலிருந்து எழுங் கதிரைக் கொண்டே அதே யப்பான் நாட்டார் தம் அன்றாட உணவாகிய சோயா அவரையைத் திருத்தினர் என்பதை நம்முட் பலர் அறியார். அறிந்தோருள் ஒரு சாரார் அக்கதிரை அஞ்சுவர். மற்றொரு சாரார் அதனை மந்திரக்கோலாகக் கருதுவர். இரு சாராரும் உண்மையைத் தவறவிட்டனர் என்பதே என் கருத்து. கதிர் நல்ல பயிரைத் தருவதில்லை. வேறுபட்ட செடிகளையே தருகின்றது. அவற்றுள் நல்லதைக் கண்டெடுப்பது பயிற்சி பெற்ற மனிதரின் பொறுமை. அப்பொறுமையை வளர்க்காத நாடு, கருவியை வாங்குவதால் மட்டும் பயனடையாது.

முதற்கண் அச்சத்தை நோக்குவோம். இனவிருத்தியாளர் பெரும்பாலும் பயன்படுத்துவது கோபாற்று-60இலிருந்து வெளிப்படும் காமாக் கதிராகும். அது விதையை ஊடுருவிச் செல்லுமேயன்றி அதனுள் தங்குவதில்லை. வெயிலில் உலர்ந்த நெல் இரவில் ஒளி வீசாதவாறு போல, காமாக் கதிர் பட்ட விதையும் கதிர் வீசும் பொருளாவதில்லை. அது விட்டுச் செல்வன நிறமூர்த்தங்களில் ஏற்படும் முறிவுகளும் பரம்பரையலகுகளில் ஏற்படும் மாற்றங்களுமே. இம்மாற்றங்களையே விகாரம் என்கின்றோம். கதிரால் விகாரத்தைத் தோற்றுவிக்கலாம் என்பதை 1927இல் முல்லர் என்னும் அமெரிக்க அறிஞர் பழ ஈக்களில் நிறுவினார். அதற்காக 1946இல் நோபல் பரிசும் பெற்றார். 1928இல் ஸ்ராட்லர் என்பார் பார்லிப் பயிரிலும் அதனைக் காட்டினார்.

இனி, மந்திரக்கோல் என்னும் மயக்கத்தை நோக்குவோம். சோயா விதைக்கு வழக்கமாக 100 முதல் 300 கிரே வரையான கதிரளவு கொடுக்கப்படும். இனத்துக்கு இனமும், விதையின் ஈரப்பதத்துக்கு ஏற்பவும் விளைவு மாறும். அளவு கூடுந்தோறும் நிலைத்து வளரும் நாற்றுக்கள் குறையும், தண்டு குறுகும், இலைகள் சுருங்கி நெளியும், மகரந்தம் மலடாகும், காய்கள் அருகும். முதலாந் தலைமுறையிற் காணப்படும் இக்குறைகளுட் பெரும்பாலானவை ஊறுபட்ட உடலின் குறைகளேயன்றிச் சந்ததிக்குச் செல்வன அல்ல. சிற்றளவான கதிரால் செடி சற்றே செழித்ததாகச் சில ஆய்வாளர் கூறுவர். ஆயின் அச்செழிப்பு எல்லா இனத்திலும், எல்லாச் சோதனையிலும் தோன்றுவதன்று. அதனை நம்பி உழவன் தன் வயலை ஒப்படைத்தல் தகாது.

சோயா தன்மகரந்தச் சேர்க்கையால் விதை கொள்வது. ஆதலின், மறைந்து கிடக்கும் பின்னிடைவான விகாரங்கள் பொதுவாக இரண்டாந் தலைமுறையிலேயே வெளிப்படுகின்றன. அப்பொழுது ஆயிரக்கணக்கான செடிகளை ஒவ்வொன்றாக நோக்கவேண்டும். வெளிறியனவும் மலடானவையும் பல, பயனுடையது அரிது. அவ்வரிய செடியையும் மேலும் பல தலைமுறை வளர்த்து, அதன் பண்பு நிலைத்ததா எனக் கண்டு, பல நிலங்களிலும் பருவங்களிலும் சோதித்த பின்னரே உழவனிடம் கொடுக்கலாம். கதிர்வீச்சு சில மணி நேரத்தில் முடிந்துவிடும். எஞ்சிய வேலைக்கோ பல ஆண்டுகள் வேண்டும்.

இவ்வுழைப்பின் பயனுக்கு யப்பான் நாட்டு இனங்கள் இரண்டினைச் சான்றாகக் காட்டலாம். நெமாஷிராசு என்னும் சோயா இனம் வேரைத் தாக்கும் நூற்புழுவைத் தாங்கவல்லது. ஆயின் முதிரக் காலந் தாழ்த்துவது. காமாக் கதிரின் துணையால் அதிலிருந்து முன்னரே முதிரும் ரைடென் என்னும் இனத்தைப் பெற்று 1966இல் வெளியிட்டனர். மற்றையது 1994இல் வெளியான இச்சிஹிமே. சோயாவிலுள்ள பச்சை அவரை நாற்றத்துக்குக் காரணம் லிப்பொட்சிசனேசு என்னும் நொதியம். அது விதையில் மூன்று வகையாக உள்ளது. அவற்றுள் இரண்டிற்குரிய பரம்பரையலகுகள் மிக நெருங்கிப் பிணைந்திருந்தமையால், மூன்றும் அற்ற இனத்தைக் கலப்பு முறையாற் பெற இயலவில்லை. கலப்பினத்தின் விதைகளைக் காமாக் கதிருக்கு உட்படுத்திய பின்னரே அது கைகூடிற்று.

இங்கே ஒன்றைக் கருதுக. அந்நொதியம் அற்ற செடி, தோற்றத்தில் ஏனைய செடிகளைப் போன்றதே. விதையின் புரதங்களைப் பிரித்தறியுஞ் சோதனை ஆய்வாளரிடம் இல்லாதிருந்தால், எதனைத் தேடுகின்றோம் என்னுந் தெளிவும் இல்லாதிருந்தால், அது வந்த வழியே மறைந்திருக்கும். கதிர் அவர்களுக்கு வாய்ப்பளித்தது. கேள்வியும் சோதனையும் அவர்களுடையன.

தேர்வின்றிக் கதிரை மட்டும் நம்பிய முயற்சியும் உண்டு. 1959இல் இங்கிலாந்தில் மியூரியல் ஹோவோர்த் என்னும் அம்மையார் அணுத் தோட்டக்காரர் சங்கம் ஒன்றை நிறுவி, கதிர் பட்ட விதைகளை அங்கத்தவருக்கு வழங்கினார். ஆர்வத்துக்குக் குறைவில்லை, ஆயினும் சில ஆண்டுகளில் அவ்வியக்கம் மங்கிற்று. வீட்டுத் தோட்டத்துச் சில செடிகளில் அரிய விகாரத்தைக் காணுதல் எளிதன்று.

பரம்பரையலகைக் குறித்த இடத்திலேயே திருத்தும் முறை 2012 முதல் வளர்ந்துள்ளதே, இப்பழைய முறை இனி எதற்கு எனச் சிலர் வினவலாம். புதிய முறைக்கும் எந்த அலகைத் திருத்துவது என்னும் அறிவு வேண்டும்; திருத்திய செடியையும் வயலிலேயே சோதித்தல் வேண்டும். தேர்வாளரின் தேவை எம்முறையிலும் ஒழியாது. காமாக் கதிர் முறையோ செலவு குறைந்தது; சிறு நாடுகளுக்கும் எட்டக்கூடியது. சர்வதேச அணுசக்தி முகவராண்மையின் பதிவேட்டில் 3,000க்கு மேற்பட்ட விகார இனங்கள் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் நம் நாட்டினதும் உண்டு. நம்மவர் நன்கறிந்த எச்-4 நெல்லைக் காமாக் கதிருக்கு உட்படுத்திப் பெற்ற எம்.ஐ.-273 என்னும் இனம் 1971இல் வெளியாயிற்று. ஆகவே இத்துறை நமக்குப் புதிதன்று.

வேண்டப்படுவது யாது? ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவோர், கருவிக்கு ஒதுக்கும் பணத்தோடு, தேர்வு வயலுக்கும் அங்கு பணிபுரிவோருக்கும் பத்தாண்டு காலத்துக்கேனும் உறுதியான ஏற்பாடு செய்தல் வேண்டும். இடைநடுவில் ஒரு பருவங் கைவிடப்பட்டால், அதற்கு முந்திய பருவங்களின் உழைப்பும் வீணாகும். இத்தகைய பொறுப்புக்களில் அமர்ந்துள்ள பழைய மாணவர்கள் இதனை மனங்கொள்வாராக.

இளமாணவர்க்குக் கூறுவது இது. உங்கள் கல்லூரித் தோட்டத்தில் கோபாற்று வேண்டியதில்லை. ஒரு வரிசை சோயாவை விதையுங்கள். செடி தோறும் உயரம், பூத்த நாள், காயின் தொகை ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். ஏனையவற்றினின்றும் வேறுபட்ட செடியின் விதையை வேறாக எடுத்து அடுத்த பருவத்தில் விதையுங்கள். அவ்வேறுபாடு மண்ணால் வந்ததா, மரபால் வந்ததா என்பதை அச்செடியின் பிள்ளைகள் உங்களுக்குக் கூறும். இவ்வாறு பார்க்கவும் எண்ணவும் எழுதவும் பழகிய ஒருவன் கையிற் கிடைக்கும்பொழுதே காமாக் கதிர் நாட்டுக்குப் பயன்படும்.