வரலாறும் குடிமையியலும்: வினாத்தாள் மாறாமல் வகுப்பறை மாறாது
பள்ளிகளில் சமூக அறிவியல் கற்பித்தல் குறித்த எங்கள் நிலைப்பாடு

தமிழ்நாட்டு மாணவர்கள் வரலாற்றிலும் குடிமையியலிலும் மதிப்பெண் வாங்குகிறார்கள். ஆனால் ஒரு சான்றைப் படித்து அதைக் கேள்வி கேட்கவும், ஓர் உரிமையை உரிய இடத்தில் கோரவும் அவர்களுக்குப் போதிய பயிற்சி கிடைப்பதில்லை. ஆசிரியர்களும் பெற்றோரும் இணைந்த எங்கள் அமைப்பு இந்தக் குறையை மாணவர் மீது சுமத்தவில்லை, பாடநூலின் மீதும் சுமத்தவில்லை. 2018 முதல் வந்த புதிய பாடநூல்கள் முந்தையவற்றைவிடச் செறிவானவை. தேர்வு எதைக் கேட்கிறதோ அதையே வகுப்பறை சொல்லிக்கொடுக்கும். எனவே முதலில் மாற வேண்டியது வினாத்தாள்.

மதிப்பெண் எதைச் சொல்கிறது?

2025ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சமூக அறிவியலில் நூற்றுக்கு நூறு பெற்றனர். 2024 டிசம்பரில் நாடு முழுவதும் நடந்த 'பரக்' கற்றல் அடைவு ஆய்விலோ ஒன்பதாம் வகுப்பின் சமூக அறிவியல் சராசரி 40 விழுக்காடுதான். இரண்டும் வெவ்வேறு தேர்வுகள்; நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாதவை. ஆயினும் நம் சதங்கள் எதை அளக்கின்றன என்று நாம் கேட்டாக வேண்டும்.

பொதுத்தேர்வுக்குத் தயாராகும் எந்தப் பத்தாம் வகுப்புக்குப் போனாலும் 'புக் பேக்' என்ற சொல் காதில் விழும். பாடத்தின் இறுதியில் உள்ள பயிற்சி வினாக்களை வரி பிசகாமல் ஒப்பித்தால் தேர்ச்சி உறுதி என்பது ஆசிரியருக்கும் தெரியும், மாணவருக்கும் தெரியும். மெல்லக் கற்போருக்கெனத் தரப்படும் கையேடு இன்னும் சுருங்கியது. அங்கே ஒரு போராட்டம் என்பது ஓர் ஆண்டும் ஒரு தலைவர் பெயரும் மட்டுமே.

உத்திரமேரூர் சொல்லும் பாடம்

ஊர்ச் சபையின் வாரியங்களுக்குப் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை விவரிக்கும், பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை எடுத்துக்கொள்வோம். 'குடவோலை முறை எங்கு வழக்கில் இருந்தது?' என்ற வினாவுக்கு ஒரு சொல்லில் விடை எழுதிவிடலாம். அந்தக் கல்வெட்டின் வாசகத்தையே மாணவர் கையில் கொடுத்தால் வகுப்பின் போக்கே வேறாக இருக்கும். வாரிய உறுப்பினராக வர விரும்புபவர் வரி செலுத்தும் கால் வேலி நிலமாவது வைத்திருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கும் 70க்கும் இடையில் இருக்க வேண்டும். வேதப் பயிற்சியும் வேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் உறுப்பினராக முடியாது.

இதைப் படிக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இரண்டு கேள்விகள் எழ வேண்டும். கணக்குக் காட்டாதவரை விலக்கிய விதி இன்றைய உள்ளாட்சிக்கு என்ன சொல்கிறது? நிலமில்லாதவரும், பெண்களும், வேதம் ஓதும் உரிமை மறுக்கப்பட்டவரும் அந்தக் குடத்துக்கு வெளியே நின்றார்களே, அதை மக்களாட்சி என்று அழைக்கலாமா? பெருமைப்படவும் குறை காணவும் ஒரே சான்று இடம் தருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பழகுவதுதான் வரலாற்றுக் கல்வி. ஒரு சொல் விடை அந்தப் பழக்கத்தைத் தராது.

கொடியேற்றமும் கிராம சபையும்

குடிமையியலில் இடைவெளி இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஆகிய நாள்களில் பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள், கொடிக்கு வணக்கம் செலுத்துகிறார்கள், மிட்டாய் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். அதே நாளில் அதே ஊரில் கிராம சபை கூடுகிறது. தெருவிளக்கு, குடிநீர், ஊரக வேலைத் திட்டம், ஊராட்சியின் வரவு செலவு எல்லாம் அங்கே பேசப்படுகின்றன. இந்த இரு நாள்களோடு மே 1, அக்டோபர் 2, மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்து இப்போது ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். கிராம சபையைப் பற்றி ஐந்து மதிப்பெண் விடை எழுதும் மாணவர்களில் பலர் ஒரு கூட்டத்தைக்கூடப் பார்த்ததில்லை. வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களே அச்சபையின் உறுப்பினர்கள் என்பது உண்மைதான். ஆனால் ஓரமாக அமர்ந்து கவனிக்கவும், தீர்மானம் எப்படி எழுதப்படுகிறது என்று பார்க்கவும் பதினெட்டு வயது ஆக வேண்டியதில்லை.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசமாகிறது. மேல்நிலையில் அறிவியல் பிரிவை எடுப்பவர் வரலாற்றையும் அரசியல் அறிவியலையும் மீண்டும் பள்ளியில் தொடுவதே இல்லை. 61ஆம் அரசமைப்புத் திருத்தம் வாக்குரிமை வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. வாக்குச்சாவடிக்குப் போவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில்தான் அந்த மாணவருக்கு அரசமைப்புப் பாடம் இல்லாமல் போகிறது.

எழும் தயக்கங்கள்

வகுப்பில் அரசியல் புகுந்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். கட்சிப் பிரசாரத்துக்கு வகுப்பறையில் இடமில்லை என்பதில் எங்களுக்கும் உறுதி உண்டு. சான்றை முன்வைத்து இரு தரப்பையும் கேட்கப் பழகிய பிள்ளைதான் வாட்ஸ்அப்பில் வரும் பொய் வரலாற்றை நம்பாமல் நின்று யோசிக்கும்.

ஆசிரியருக்கு இது கூடுதல் சுமை என்பது நியாயமான கவலை. பொதுத்தேர்வு நெருங்கும்போது சமூக அறிவியல் பாடவேளை கணக்குக்கும் அறிவியலுக்கும் கைமாறுவதையும், காலிப் பணியிடங்களையும் சரிசெய்யாமல் புதிய கடமைகளை மட்டும் ஏற்றக் கூடாது.

எங்கள் கோரிக்கைகள்

1. பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் வினாத்தாளில் குறைந்தது 25 மதிப்பெண், பாடநூலில் இல்லாத சான்றுகளைக் கொண்ட வினாக்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். கல்வெட்டு வாசகம், நாளிதழ்ச் செய்தி, சட்டப்பிரிவு, தேர்தல் அட்டவணை போன்றவை அதில் இடம்பெறலாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அறிவித்து, மாதிரி வினாத்தாள்களும் ஆசிரியர் பயிற்சியும் தர வேண்டும்.

2. எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கிராம சபையையோ, நகர்ப்புறத்தில் பகுதி சபையையோ ஆசிரியரோடு சென்று பார்த்துக் குறிப்பெழுதுவது பாடத்தின் பகுதியாக வேண்டும்.

3. மேல்நிலையில் எல்லாப் பிரிவினருக்கும் வாரம் இரண்டு பாடவேளை அரசமைப்பும் தற்கால வரலாறும் கற்பிக்கப்பட வேண்டும். அதற்குப் பொதுத்தேர்வு வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு எழுதிப் பார்ப்பது போன்ற செயல்வழிப் பயிற்சியே போதும்.

4. ஒவ்வொரு பள்ளியும் தன் வட்டாரத்தின் கல்வெட்டு, கோயில், ஏரி, பழைய பதிவேடு, முதியோர் நினைவுகள் ஆகியவற்றிலிருந்து ஓர் உள்ளூர் வரலாற்றுத் தொகுப்பை மாணவர்களைக் கொண்டே உருவாக்க வேண்டும். கீழடி போன்ற அருங்காட்சியகங்களுக்கு அரசுப் பள்ளி மாணவர்கள் சென்றுவரும் பயணச் செலவை அரசே ஏற்க வேண்டும்.

5. மாநில அளவிலான கற்றல் அடைவு ஆய்வுகளில் வரலாற்றுச் சிந்தனையும் குடிமைத் திறனும் தனியாக அளக்கப்பட்டு, முடிவுகள் மாவட்ட வாரியாக வெளியிடப்பட வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பான்மை உங்களுடையது. அடுத்த கூட்டத்தில் கட்டடத்தையும் கழிப்பறையையும் பற்றிப் பேசும்போது, பிள்ளைகளின் சமூக அறிவியல் பாடவேளை முழுமையாக நடக்கிறதா என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியைத் தீர்மானமாக எழுதிப் பதிவு செய்யுங்கள்.