ட்ரைகிளிசரைட்ஸ்: ரிப்போர்ட்ல நாம படிக்காத வரி

போன மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட் பக்கத்துல இருந்தா எடுங்க. டோட்டல் கொலஸ்ட்ரால் பார்ப்போம், எல்டிஎல் பார்ப்போம், ஃபைலை மூடிடுவோம். அதே பக்கத்துல ட்ரைகிளிசரைட்ஸ்னு ஒரு வரி இருக்கும். இந்தத் த்ரெட் அதைப் பத்தித்தான்.

அது 150-ஐத் தாண்டினா "எண்ணெயைக் குறைங்க"ன்னு சொல்லி அனுப்புறது நம்ம ஊர் வழக்கம். இந்த ஒரு வரி அட்வைஸ் போதாது என்பது என் கருத்து. பல பேருக்கு அது பார்க்க வேண்டிய இடத்தையே மறைச்சிடுது.

சர்க்கரையை செல்லுக்குள்ள அனுப்புறது மட்டும் இன்சுலினோட வேலை இல்லை. கொழுப்பு செல்களைப் பார்த்து "உள்ள இருக்கறதை இப்போ வெளிய விடாதே"ன்னு சொல்றதும் அதுதான். வயித்துக்குள்ள கொழுப்பு நிரம்பி வழியும்போது அந்தக் கட்டளை சரியா எடுபடாது. சாப்பிட்ட பிறகும் கொழுப்பு அமிலங்கள் ரத்தத்துல கசிஞ்சுகிட்டே இருக்கும்.

கசிஞ்சது எங்க போகும்? தசைக்குள்ள தேங்கி இன்சுலினோட சிக்னலை மங்க வைக்கும். சர்க்கரை வெளியவே நிக்கும். கல்லீரலுக்குப் போனா, அது தேவையில்லாத நேரத்துலயும் சர்க்கரையைத் தயாரிச்சு ரத்தத்துல விடும். கூடவே வந்த கொழுப்பை ட்ரைகிளிசரைடா பேக் பண்ணி அனுப்பும். உங்க ரிப்போர்ட்ல இருக்கற நம்பர் பெரும்பாலும் அந்த பார்சல்தான்.

இது புதுசா வந்த தியரி இல்லை. தசையில கொழுப்பு அமிலமும் குளுக்கோஸும் போட்டி போடுதுன்னு பிலிப் ராண்டில் குழு 1963-லயே லான்செட்ல எழுதியாச்சு. பிறகு நல்ல ஆரோக்கியமா இருந்தவங்களுக்கே கொழுப்புக் கரைசலை ட்ரிப்ஸா ஏத்திப் பார்த்தாங்க. சில மணி நேரத்துல இன்சுலினோட வேலை மந்தமாயிடுச்சு.

"அப்போ எண்ணெய்தானே வில்லன்?"

அவ்வளவு சுலபம் இல்லை. காலையில இட்லி, மதியம் தட்டு நிறைய சோறு, நடுவுல சர்க்கரை போட்ட டீ, ரெண்டு பிஸ்கட்... தேவைக்கு மேல வர்ற மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பா மாத்திடும். ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமலே ட்ரைகிளிசரைட்ஸ் ஏறலாம். மது குடிச்சாலும் ஏறும். (பஜ்ஜிக்கு நான் லைசென்ஸ் கொடுக்கலை!)

"நான் ஒல்லி டாக்டர், எனக்கு வராது"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு போட்டோ. 2004-ல லான்செட்ல வந்தது. புனேவின் டாக்டர் யாக்னிக், லண்டனின் டாக்டர் யுட்கின், பக்கத்துல பக்கத்துல நிக்கறாங்க. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம்! நம்ம உடம்போட கதையே அந்தப் படத்துல இருக்கு.

அதனால எடை மெஷினை மட்டும் நம்பாதீங்க. தையல் டேப் எடுத்து இடுப்பைச் சுத்தி அளங்க. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டி, ட்ரைகிளிசரைட்ஸும் 150-ஐத் தாண்டியிருந்தா, வெறும் வயித்து சுகர் நார்மல்னு நிம்மதியாயிடாதீங்க. கணையம் கூடுதல் இன்சுலின் சுரந்து சமாளிச்சுகிட்டு இருக்கலாம், சில சமயம் வருஷக்கணக்கா. சோத்தைப் பாதியாக்கி பருப்பு, முட்டை, காய் கூட்டுங்க. ராத்திரி சாப்பிட்டதும் பதினஞ்சு நிமிஷம் நடங்க. வேலை செய்யற தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலே சர்க்கரையை இழுத்துக்கும்.

இதைப் படிச்சுட்டு ஓடிக்கிட்டு இருக்கற மாத்திரையை நிறுத்தாதீங்க. நம்பர் 500-க்கு மேலன்னா த்ரெட்டை அப்புறம் படிச்சுக்கலாம், முதல்ல உங்க டாக்டரைப் பாருங்க. அங்க கணையமே வீங்கற ஆபத்து இருக்கு.