சிவப்புப் பொத்தானும் அம்மம்மாவின் கேள்வியும்

போன ஞாயிறு அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில ஒரு சின்னச் சண்டை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மருமகள், பள்ளிக்கூடத்தின் இரண்டு கிழமை வேலைப் பயிற்சிக்கு, தொழிற்சாலை மின்பெட்டிகளுக்கு வயரிங் செய்யிற பட்டறையில இடம் கேட்டிருக்கிறாள். அதோட நிற்கவில்லை; பிறகு அதையே மூன்றரை வருசம் அவுஸ்பில்டுங்காகச் செய்யப் போறாளாம்.

“கரண்ட் வேலையோ? இதுக்கோ ஜேர்மனிக்கு வந்தனாங்கள்?” என்றா அம்மா. அக்கா என்னைப் பார்த்தா: “நீ மாஸ்டர்ஸ் படிச்சனீ. நீயே சொல்லு.”

நான் சொன்னது ஒரு வெட்கக் கதை.

எட்டு வருசத்துக்கு முதல், ஒரு பொதியிடும் இயந்திரத்துக்கு மென்பொருள் எழுதினேன். பெல்ட்டை ஓட்டுறது ஒரு மோட்டார் ட்ரைவ். சிவப்பு நிறுத்தப் பொத்தானை அமத்தினால் சிக்னல் என்ர நிரலுக்கு வரும், நிரல் மோட்டாரை நிப்பாட்டும். வடிவான திட்டம் என்றுதான் நினைச்சேன். பட்டறையிலிருந்த வயதான எலக்ட்ரீஷியன் ஒன்றும் பேசவில்லை. பெல்ட் ஓடிக்கொண்டிருக்கையில் பொத்தானின் ஒரு வயரைக் கழட்டிவிட்டு, “இப்ப நிப்பாட்டுங்கோ பார்ப்பம்” என்றார். அமத்தினேன். பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த இடத்தில ஒருத்தரின் கை சிக்கியிருந்தால்?

அன்றைக்கு அவர் சொல்லித் தந்தது இதுதான். நிறுத்தப் பொத்தான் சாதாரண நேரத்தில மூடியிருக்கிற தொடர்பாக இருக்கவேணும். அதன் வழியே 24 வோல்ட் எப்பவும் வந்துகொண்டிருக்கும். பொத்தானை அமத்தினாலும், வயர் அறுந்தாலும், திருகாணி தளர்ந்து கழண்டாலும் அது இல்லாமல் போகும், மோட்டாரும் நிற்கும். பழுது வந்தால் ஆபத்தில்லாத பக்கம் விழவேணும்.

அவசர நிறுத்தம் என்ர நிரலை நம்பியிருக்கவும் கூடாது. அது ட்ரைவில இருக்கிற எஸ்.ரீ.ஓ என்ற பாதுகாப்பு முனைகளுக்கு, தனித்தனி இரண்டு வழியாகப் போகவேணும். ஒரு வழி பழுதானாலும் மற்றது மோட்டாரின் உந்துவிசையைத் துண்டிக்கும். அமத்தின பொத்தானைத் திரும்ப இழுத்துவிட்டவுடன் இயந்திரம் தானாக ஓடத் தொடங்கவும் கூடாது. ஆள் பார்த்து, வேறாகத் தொடக்கவேணும்.

இன்னொன்று: எஸ்.ரீ.ஓ மோட்டாரை நிப்பாட்டும், மின்சாரத்தை வெட்டாது. 400 வோல்ட் மும்முனை மின்சாரம் ட்ரைவுக்குள்ள ஏறக்குறைய 565 வோல்ட் நேர்மின்சாரமாகி மின்தேக்கிகளில நிற்கும். மெயினை நிப்பாட்டின பிறகும் அது உடனே போகாது. ட்ரைவில ஒட்டியிருக்கிற நேரம் முடியும்வரை காத்திருந்து, மீட்டர் வைச்சு அளந்த பிறகுதான் கை வைக்கலாம். இஞ்ச எலக்ட்ரீஷியன் பயிற்சிக்குப் போற பிள்ளையள் படிக்கிற ஐந்து விதிகள் இவை: மின்சாரத்தைத் துண்டி, யாரும் திரும்பப் போடாதபடி பூட்டு, மின்சாரம் இல்லை என்று அளந்து உறுதிசெய், நிலத்தோட இணைத்துக் குறுக்கிணைப்புச் செய், பக்கத்தில உயிரோட இருக்கிற பாகங்களை மூடு. வரிசை மாறக்கூடாது.

சிக்னல் வயர்களையும் மோட்டார் கேபிளையும் ஒரே குழாயில சேர்த்துப் போடக்கூடாது என்றதும் அவரிடம்தான் படிச்சேன். ட்ரைவ் மின்சாரத்தை மிக வேகமாக வெட்டி வெட்டி அனுப்புறதால வாற இரைச்சல், பக்கத்து வயரில பொய்ச் சிக்னலாக ஏறும். மென்பொருளில பிழை தேடி நான் மூன்று இரவு முழிச்சிருந்த ஒரு சிக்கலை, அவர் கேபிளைத் தள்ளிப் போட்டே தீர்த்தார்.

என்ர பட்டப்படிப்பில இது ஒன்றும் இருக்கவில்லை. எங்கட அப்பா அம்மா பட்ட கஷ்டத்தால, படிப்பு என்றால் பல்கலைக்கழகம் என்று எங்களுக்குப் பதிஞ்சுபோச்சு. அதில பிழை இல்லை. ஆனால் இஞ்ச அவுஸ்பில்டுங் முடிச்சு, பிறகு மைஸ்டர் சோதனை பாஸ் பண்ணினவருக்கும் பல்கலைக்கழகக் கதவு திறந்துதான் இருக்கு. பிள்ளை ஒரு தொழிலைச் சொன்னால், “சனம் என்ன சொல்லும்” என்று கேட்கிறதுக்கு முதல், “அதில உனக்கு என்ன பிடிச்சிருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள்.

அம்மா கன நேரம் பேசவில்லை. பிறகு மருமகளிடம் கேட்டது ஒன்றுதான்: “அந்தக் கரண்ட் போயிட்டுதோ எண்டு அளந்து பார்க்க உனக்கும் காட்டித் தருவினமோ?”

“அதுதான் அம்மம்மா முதல் பாடம்.”

அக்கா இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. ஆனால் படிவம் இப்ப குப்பைக் கூடைக்குப் பக்கத்தில இல்லை. பிரிட்ஜ் கதவில ஒட்டியிருக்கு.