குழாய் உடைந்தபோது தேடினோம். கும்பி காய்ந்தபோது மறந்தோம்!

கொரோனா காலத்தில் பிளம்பர், எலக்ட்ரீசியன்கள் பட்ட பாடு

சென்னை:-

"கையைச் சோப்புப் போட்டு 20 வினாடி கழுவுங்கள்!"

2020-ம் ஆண்டு கொரோனா வந்தபோது எங்கு பார்த்தாலும் இதே பேச்சுதான். யாருக்காவது போன் போட்டால், முதலில் 'லொக்கு லொக்கு' என்று இருமல் சத்தம். அப்புறம் இந்த அறிவுரை.

நல்ல அறிவுரைதான். ஆனால் கை கழுவக் குழாயில் தண்ணீர் வர வேண்டுமே! தண்ணீர் மாடித் தொட்டிக்கு ஏற மோட்டார் ஓட வேண்டுமே! மோட்டார் ஓட ஒயரில் கரண்ட் வர வேண்டுமே!

இந்த மூன்றும் தானாக நடக்காது. ஆள் வேண்டும்.

22-3-2020 மாலை 5 மணிக்கு டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் கை தட்டினோம். தட்டு, மணி எல்லாம் அடித்தோம். ஸ்பேனர் பையோடு வீடு தேடி வந்த ஆளுக்கு யாரும் கை தட்டவில்லை. அவருக்குக் கதவைக்கூடப் பாதிதான் திறந்தோம்.

அவர்கள் அந்த நாட்களை எப்படித் தள்ளினார்கள்? இன்னொரு தடவை இப்படி ஒரு நோய் வந்தால் என்ன செய்ய வேண்டும்?

40 நாள்

24-3-2020 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. மறுநாள் முதல் நாடு பூராவும் ஊரடங்கு.

பாலுக்கு அனுமதி உண்டு. மருந்து, மளிகைக்கு உண்டு. கியாஸ் சிலிண்டர் கொண்டு வருபவருக்கும் உண்டு. பிளம்பர், எலக்ட்ரீசியன், தச்சர், ஏ.சி. மெக்கானிக் - இவர்கள் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

பழுது மட்டும் ஊரடங்குக்கு அடங்குமா? வீட்டில் எல்லாரும் அடைந்து கிடக்கிறார்கள். மின்விசிறி இரவு பகலாகச் சுற்றுகிறது. மோட்டார் ஒரு தடவைக்கு மூன்று தடவை ஓடுகிறது. கெடாத சாமானும் கெடத்தானே செய்யும்?

இது டெல்லிக்குப் புரிந்தது. 15-4-2020 அன்று மத்திய அரசு வெளியிட்ட உத்தரவில், எலக்ட்ரீசியன், பிளம்பர், தச்சர், மோட்டார் மெக்கானிக் போன்ற சொந்தத் தொழில் செய்கிறவர்கள் 20-ந்தேதி முதல் வேலை பார்க்கலாம் என்று இருந்தது.

ஆனால் தமிழ்நாட்டில் நோய் பரவும் வேகத்தைப் பார்த்த மாநில அரசு, மே 3-ந்தேதி வரை எந்தத் தளர்வும் கிடையாது என்று சொல்லிவிட்டது. ஏப்ரல் 26-ந்தேதி முதல் 29-ந்தேதி வரை சென்னையில் மளிகைக் கடைகூட இல்லை.

மே 4-ந்தேதிதான் வழி பிறந்தது. சென்னையில் கார்ப்பரேசன் கமிஷனரிடம், மற்ற ஊர்களில் கலெக்டரிடம் அனுமதி பெற்று இவர்கள் வேலைக்குப் போகலாம் என்றார்கள்.

மார்ச் 25 முதல் மே 3 வரை எண்ணிப் பாருங்கள். 40 நாள்! மாதச் சம்பளக்காரருக்கு 40 நாள் என்பது காலண்டர் தாள். அன்றாடங்காய்ச்சிக்கு 40 நாள் என்பது 40 அடுப்பு.

போனில் வைத்தியம்

பாஸ் இல்லை, கடை இல்லை. கையில் போன் மட்டும் இருந்தது. அதிலேயே வைத்தியம் பார்த்தார்கள்.

"சார், மோட்டார் உறுமுதா, சத்தமே இல்லையா?"

"உறுமுதுப்பா. ஆனா சுத்தல."

"கெபாசிட்டர் போயிருக்கும் சார். உடனே சுவிட்சை அணைங்க. விட்டா காயில் புகைஞ்சிரும்."

மோட்டார் சுற்றியும் தண்ணீர் ஏறவில்லையா? அதற்கு வேறு மருந்து. "காத்து பூந்திருக்கும்மா. மெயினை அணைச்சிட்டு, மேல இருக்குற மூடியைக் கழட்டுங்க. தண்ணி ரொம்புற வரைக்கும் ஊத்தி மூடுங்க."

இந்த வைத்தியத்துக்குக் காசு உண்டா? கேட்கவும் கூச்சம், கொடுக்கவும் பலருக்குத் தோன்றவில்லை. "அப்புறம் நேர்ல வரும்போது பாத்துக்கலாம்பா" என்பதோடு சரி. அந்த 'அப்புறம்' பல பேருக்கு வரவே இல்லை.

எலக்ட்ரீசியனுக்கு இந்த வழியும் அடைப்பு. குழாயில் தப்பு செய்தால் தரை நனையும். ஒயரில் தப்பு செய்தால் உயிர் போகும். பியூஸ் கட்டையைத் தொட்டே பழக்கம் இல்லாதவரிடம், போனில் 'சிவப்பு ஒயரைப் பிடிங்க' என்று எந்த எலக்ட்ரீசியன் சொல்வார்?

டியூபில் வாஷர்

தெரிந்த வீடு, பக்கத்துத் தெரு, தண்ணீர் பீறிட்டு அடிக்கிறது என்று கெஞ்சினால், பயந்து பயந்து போய் வந்தவர்களும் உண்டு. போனால் அடுத்த சிக்கல். சாமான் எங்கே?

ஆர்டுவேர் கடை, மின்சாமான் கடை எல்லாம் ஷட்டர் போட்டுவிட்டன. பாரிமுனைத் தெருக்கள் வெறிச்சென்று கிடந்தன. ரிச்சி தெருவில் ஈ, காக்கை இல்லை.

வீட்டில் கிடந்த பழைய டப்பாவைக் கொட்டிக் கிளறினார்கள். சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிக் குழாய்க்கு வாஷர் போட்டார்கள். எங்கோ கழற்றி வைத்த பழைய டேப்பைத் தேய்த்து மாட்டினார்கள். அதுவும் இல்லாத இடத்தில், ஒரு குழாயின் வாயை மூடிவிட்டு, "கடை திறக்கிற வரைக்கும் இன்னொண்ணுல புடிச்சிக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

மோட்டார் காயில் புகைந்துபோன வீட்டுக்கு இந்தக் கைவைத்தியம் எதுவும் பலிக்காது. காயில் கட்டும் கடை திறக்கிற வரைக்கும் குடத்தில் தூக்க வேண்டியதுதான். மூன்றாவது மாடிக்காரர்களின் முழங்கால் இதற்குச் சாட்சி!

இரண்டு கோடை போச்சு

இதிலே ரொம்ப அடிபட்டவர் ஏ.சி. மெக்கானிக்.

அவருக்கு வருமானம் வருஷம் பூராவும் வருவதில்லை. மார்ச் முதல் ஜூன் வரை ஓய்வில்லாமல் ஓடுவார். மழைக்காலத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதே அந்தக் காசில்தான். பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பணமும் அதில்தான்.

2020-ல் ஊரடங்கு வந்தது மார்ச் கடைசியில். 2021-ல் இரண்டாவது அலைக்காக ஊரடங்கு போட்டது மே 10-ந்தேதி. இரண்டு தடவையும் சரியாகக் கோடை! போதாததற்கு, 'ஏ.சி. போட்டால் கொரோனா பரவும்' என்ற பயம் வேறு. கடைகளிலும் ஆபீசுகளிலும் ஏ.சி.யை நிறுத்தி ஜன்னலைத் திறந்தார்கள். நோய்க்கு அது நல்லது. மெக்கானிக்குக்கு?

கேட்டில் நிறுத்தம்

மே மாதம் அனுமதி கிடைத்த பிறகாவது கஷ்டம் தீர்ந்ததா? இல்லை.

ராயபுரம், கோடம்பாக்கம், திரு.வி.க. நகர் பக்கம் எல்லாம் நோய் மளமளவென்று ஏறிய நேரம் அது. நோயாளி இருந்த தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். வீட்டுச் சுவரில் நோட்டீசு ஒட்டினார்கள். அடுக்கு மாடி வீடுகளில் 'வெளியாள் வரக்கூடாது' என்று போர்டு தொங்கியது. பாசைக் காட்டினாலும் வாட்ச்மேன் விடமாட்டார். பாவம், அவர் வேலைக்கு அவர் பயப்பட வேண்டாமா?

பயம் ஒரு பக்கம் மட்டும் இல்லை. வருகிற ஆள் நோயைக் கொண்டு வருவாரோ என்று வீட்டுக்காரருக்குப் பயம். இந்த வீட்டில் யாருக்காவது இருந்து மறைக்கிறார்களோ என்று வருகிற ஆளுக்குப் பயம். வீட்டுக்காரர் ஒரே ஓர் ஆளைப் பார்த்துத்தான் பயந்தார். வேலைக்காரர் ஒரே நாளில் நாலு வீட்டைப் பார்த்துப் பயந்தார்.

நோயாளி வீட்டுக் குழாய் உடைந்தால்? அங்கேதான் கை கழுவத் தண்ணீர் ரொம்ப அவசியம். அங்கே போக எந்த ஆள் துணிவார்? போனவருக்குக் கவச உடை கொடுத்தது யார்? பெரும்பாலும் ஒரு துணி மாஸ்க்கும், சட்டைப்பையில் ஒரு சின்னச் சானிடைசர் பாட்டிலும்தான் அவருடைய கவசம்.

பஸ் இல்லை, ரெயில் இல்லை

இன்னொரு தடை, போக்குவரத்து.

சென்னை மாநகரப் பஸ் மறுபடி ஓடியது 1-9-2020 அன்று. அதுவரை ஐந்து மாதத்துக்கு மேல் பஸ் கிடையாது. புறநகர் ரெயிலில் சாதாரண ஜனங்கள் ஏற அந்த வருஷக் கடைசி ஆகிவிட்டது. ஏறவிட்டபோதும், கூட்ட நேரத்தில் கூடாது என்றார்கள். காலை வேலைக்குப் போகிறவன் கூட்ட நேரத்தில் ஏறாமல் எப்போது ஏறுவான்?

சொந்த வண்டி வைத்திருந்தவர் பிழைத்தார். அவரையும் போலீசார் மடக்கினால், பையைத் திறந்து ஸ்பேனரையும் டெஸ்டரையும் எடுத்துக் காட்ட வேண்டும். வண்டி இல்லாதவர் சைக்கிளை மிதித்தார். இல்லாவிட்டால் நடக்கிற தூரத்தில் உள்ள வீடுகளோடு நின்றார். பத்துத் தெருவில் வேலை பார்த்தவரின் உலகம் இரண்டு தெருவாகச் சுருங்கியது.

பலர் தொழிலையே மாற்றினார்கள். டிரில் மெஷினை அடகு வைத்து, தள்ளுவண்டியில் காய்கறி வாங்கிப் போட்டவர் உண்டு. மாஸ்க் விற்றவர் உண்டு. சொந்த ஊருக்குப் போனவர்களில் சிலர் திரும்பவே இல்லை.

ஆயிரம் ரூபாய் யாருக்கு?

அரசாங்கம் உதவவில்லையா? உதவியது. 2020-ல் அரிசி கார்டுதாரர்களுக்கு 1,000 ரூபாய் கொடுத்தார்கள். 2021-ல் இரண்டு தவணையாக 4,000 ரூபாய் கொடுத்தார்கள். இது எல்லார் வீட்டுக்கும் வந்த பணம்.

இதற்கு மேலே, கட்டுமானத் தொழிலாளர்களுக்கும் ஆட்டோ டிரைவர்களுக்கும் தனியாக 1,000 ரூபாயும், அரிசி, பருப்பு, எண்ணெயும் தருவதாக 2020 மார்ச்சிலேயே அறிவித்தார்கள். அதை வாங்க நல வாரியத்தில் பெயர் இருக்க வேண்டும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-ல் ஏற்பட்டது. எலக்ட்ரீசியன், தச்சர், பெயிண்டர் எல்லாரும் அதில் சேரலாம். ஆனால் வீடு வீடாகப் போய்ப் பழுது பார்க்கிறவர், "நான் கட்டட வேலைக்காரன் இல்லையே" என்று நினைத்து அந்தப் பக்கமே போவதில்லை. சேர்ந்தவரும் புதுப்பிக்க மறந்துவிடுகிறார். மேஸ்திரி இல்லை, முதலாளி இல்லை, சங்கம் இல்லை. எந்த நோட்டிலும் பெயர் இல்லாத ஆளுக்குப் பணத்தை எந்த முகவரிக்கு அனுப்புவது?

2021-ல் கொஞ்சம் பாடம்

முதல் அலையில் பட்டது இரண்டாவது அலையில் கொஞ்சம் உதவியது.

2021 மே 24-ந்தேதி முதல் தளர்வே இல்லாத ஊரடங்கு. ஜூன் 7-ந்தேதி சென்னை உள்பட பல மாவட்டங்களில் தளர்வு கொடுத்தபோது, எலக்ட்ரீசியன், பிளம்பர், தச்சர்கள் காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை வேலை பார்க்கலாம் என்றார்கள். அதே நாளில், அதே நேரத்துக்கு, பல்பு, ஒயர், சுவிட்ச் விற்கும் கடைகளையும் திறக்கச் சொன்னார்கள். ஆளும் சாமானும் ஒன்றாக வெளியே வந்தன. இதுதான் சரியான முறை.

ஆனால் இதற்கும் இ-பதிவு வேண்டும் என்றார்கள். அன்றைக்குப் பார்த்துக் கூட்டம் தாங்காமல் அந்த இணையதளம் படுத்துவிட்டது. ஸ்பேனர் பிடித்த கை, போனைத் தட்டித் தட்டியே ஓய்ந்தது.

அடுத்த தடவை?

கொரோனா நெருக்கடி முடிந்ததாக 5-5-2023 அன்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மிச்சாங் புயல் வந்து சென்னையை முக்கியது. தண்ணீர் வடிந்ததும் ஜனங்கள் முதலில் தேடியது யாரை? முழுகிப்போன மோட்டாரைக் கழற்ற ஒரு மெக்கானிக்கை. நனைந்துபோன சுவிட்ச் போர்டைத் தொட ஓர் எலக்ட்ரீசியனை!

ஆகவே நோயோ, வெள்ளமோ, செய்ய வேண்டியது நாலே காரியம்தான்.

ஒன்று: முதல் நாளிலேயே இவர்களை அத்தியாவசியப் பட்டியலில் சேர்க்க வேண்டும். குழாய் ரிப்பேரும் சுகாதாரம்தான்.

இரண்டு: ஆளுக்கு அனுமதி கொடுக்கும்போதே வார்டுக்கு ஓர் ஆர்டுவேர் கடையையாவது திறக்க வேண்டும்.

மூன்று: ஆபத்து இல்லாத நாளிலேயே வார்டு வாரியாக இவர்கள் பெயரை எழுதி, வாரிய அட்டையும் அடையாள அட்டையும் கொடுத்துவிட வேண்டும். ஊரடங்கு நாளில் மனு வாங்கினால் அது நேரத்துக்கு உதவாது.

நாலாவது, அரசாங்கத்துக்கு இல்லை, நமக்கு. போனில் வழி சொன்னாலும் அது வேலைதான். அதற்கும் கூலி உண்டு. 'அப்புறம்' என்று சொல்லாமல் அன்றைக்கே போனில் அனுப்பிவிடலாமே?

உங்கள் வீட்டு பிளம்பரின் நம்பர் உங்கள் போனில் இருக்கும். 2020-க்குப் பிறகு அந்த நம்பர் மாறாமல் இருக்கிறதா, அந்த ஆள் இன்னும் இந்தத் தொழிலில் இருக்கிறாரா என்று இன்றைக்கு ஒரு தடவை போன் போட்டுப் பாருங்கள். குழாய் உடைகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.