பாலத்தின் காலைக் காப்போம்!

கடற்கரையில் கால் நனைத்தவர்களுக்குத் தெரியும். அலை திரும்பும்போது, காலுக்கு அடியில் உள்ள மணலையும் அரித்துக்கொண்டு போகும். நிற்பவர் தடுமாறுவார்.

மனிதன் காலை மாற்றி வைத்துக்கொள்ளலாம். பாலம் என்ன செய்யும்?

10 பேர் பலி

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹரி என்ற ஆறு ஓடுகிறது. அதன் குறுக்கே 1954-ம் ஆண்டில் ஒரு பெரிய பாலம் திறக்கப்பட்டது.

1987-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை. ஆற்றில் பெரும் வெள்ளம். திடீரென்று ஒரு தூண் சரிந்தது. பாலம் இடிந்து விழுந்தது. 4 கார்களும் ஒரு லாரியும் ஆற்றுக்குள் விழுந்தன. 10 பேர் மாண்டார்கள்.

காரணம் என்ன? தூணுக்கு அடியில் இருந்த மண்ணை வெள்ளம் அரித்துவிட்டது. அஸ்திவாரம் ஆழமானது அல்ல. அதற்குக் காவலாகக் கற்களைக் கொட்டியிருந்தார்கள். அந்தக் கற்களை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. போனதற்கு ஈடாகப் போதிய கற்களைப் போடவில்லை.

மறைந்திருக்கும் பள்ளம்

வெள்ளம் தூணில் மோதுகிறது. மோதிய நீர் கீழே பாய்கிறது. சுழன்று சுழன்று மண்ணைத் தோண்டுகிறது.

வெள்ளம் வடியும்போது, அந்தப் பள்ளத்தில் புது மணல் வந்து நிரம்புகிறது. மேலே இருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். ஆனால், அந்த மணலுக்கு உறுதி கிடையாது. அடுத்த வெள்ளத்தில் அது எளிதில் போய்விடும்.

மண் கல்லாகும்!

இதற்கு ஒரு வழி உண்டு. இது ஜப்பானில் உருவான முறை.

அஸ்திவாரத்தை ஒட்டிச் சிறு துளை போடுகிறார்கள். அதில் குழாயை இறக்குகிறார்கள். குழாயின் முனையில் இருந்து சிமெண்டுக் கரைசல் மிகுந்த வேகத்தில் பீறிடும். அது மண்ணை வெட்டி, மண்ணோடு கலந்துவிடும். குழாயைச் சுற்றிக்கொண்டே மேலே தூக்கினால், மண்ணே தூண்போல் இறுகிவிடும். இப்படி நெருக்கமாகப் பல தூண்களை அமைத்தால், அஸ்திவாரத்தைச் சுற்றி ஒரு சுவர் எழும்பும். பழைய பாலத்தையும் இடிக்காமலே பலப்படுத்தலாம்.

கடமை

இது தூரதேசத்துக் கதை மட்டும் அல்ல. திருச்சி கொள்ளிடத்தில் இருந்த பழைய பாலத்தின் தூண்கள் 2018-ம் ஆண்டு ஆகஸ்டு மாத வெள்ளத்தில் சரிந்தன. முன்பே போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். அதனால் உயிர்கள் தப்பின.

சிமெண்டைச் செலுத்தினாலும், கல்லைக் கொட்டினாலும் அதோடு வேலை முடிந்துவிடாது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் நீருக்கு அடியில் இறங்கிப் பார்க்கவேண்டும். பாலத்தின் அருகே மணல் அள்ளுவதைத் தடுக்கவேண்டும்.

பாலத்துக்கு வெள்ளை அடிப்பது கண்ணுக்குத் தெரியும். அஸ்திவாரத்தைக் காப்பது தெரியாது. ஆனால், உயிரைக் காப்பது அதுதான்!